இரவுப் பாலை மாலையிலேயே கலந்து வைக்கலாமா?

பிறந்த குழந்தையுடன் வீடு திரும்பும் குடும்பத்தினர் மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “டாக்டர், இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது. பால் பவுடரை மாலையிலேயே கலந்து, புட்டிகளில் ஊற்றி வைத்துக்கொள்ளலாமா?” பொழுது விடியுமுன் மீன் வாங்கக் கடற்கரைக்குச் செல்லும் தாய்மாரும், குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுப் பூவத்திலிருந்து காரைக்காலுக்கு வேலைக்குப் பேருந்து ஏறும் தாய்மாரும் இதையே வேறு சொற்களில் கேட்கிறார்கள். இது சோம்பலால் எழும் கேள்வியன்று. களைத்த உடலும் குறைந்த உறக்கமும் எழுப்பும் நியாயமான கேள்வி. ஆகவே இதற்குத் தெளிவான விடை தரப்பட வேண்டும்.

சுருக்கமான விடை இதுதான்: முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளலாம், முன்கூட்டியே கலந்து அறையில் வைக்கக் கூடாது. நீரும் பவுடரும் தனித்தனியே இருக்கும்வரை அச்சம் குறைவு. இரண்டும் சேர்ந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால், கீழே கூறப்படும் ஒவ்வொரு விதியும் எளிதில் நினைவில் நிற்கும்.

முதலில் தாய்ப்பால்

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. பகலில் வேலைக்குச் செல்லும் தாயும் இரவில் குழந்தையை அணைத்துப் பாலூட்டலாம். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் இரவு நேரத்தில் மிகுதியாகச் சுரக்கிறது. இரவில் ஊட்டினால் மறுநாளும் பால் நன்றாக ஊறும். நள்ளிரவில் எழுந்து வெந்நீர் வைக்கும் தேவையும் நீங்கும். பகலுக்குரிய பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தயக்கமின்றிப் புகட்டலாம். தாய்ப்பாலில் கிருமிகளை எதிர்க்கும் உயிரணுக்களும் புரதங்களும் உள்ளன. பவுடர் பாலில் அந்தக் காவல் இல்லை.

எனினும், சில தாய்மாருக்கு உடல்நலக் காரணங்களால் பாலூட்ட இயலாது. சில குழந்தைகளுக்குத் தாய் இல்லை. சில இரட்டைக் குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் பால் போதாமல் போகலாம். மருத்துவர் ஆலோசனையின்பேரில் பால் பவுடர் தருவது எந்தத் தாய்க்கும் இழுக்கன்று. குறைமாதக் குழந்தையாயின், பவுடரை நாடும் முன் தாய்ப்பால் வங்கி குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அத்தகைய வங்கி உள்ளது. தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளிலும் உண்டு.

பால் பவுடர் கிருமியற்றது அன்று

மூடி முத்திரையிடப்பட்ட டின்னில் வருவதால், பால் பவுடர் முற்றிலும் கிருமியற்றது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இன்றைய தொழில்நுட்பத்தால் பவுடரை முழுமையாகக் கிருமியற்றதாக்க இயலாது. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பும் இணைந்து 2007ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. அது சிறப்பாக எச்சரிக்கும் கிருமிகள் இரண்டு: ஒன்று சால்மொனெல்லா, மற்றொன்று குரோனோபாக்டர் சகாசாகி.

குரோனோபாக்டர் உலர்ந்த பவுடரில் ஓராண்டுக்கும் மேலாக உயிரோடிருக்கும். இதனால் வரும் நோய் அரிது; ஆனால் வந்தால் கொடியது. பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் பரவி, மூளை உறை அழற்சியை உண்டாக்கும். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு குறைமாதக் குழந்தை இக்கிருமியால் இறந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட பால் பவுடரிலேயே கிருமி கண்டறியப்பட்டது. 2022ஆம் ஆண்டு அதே நாட்டில் இக்கிருமி குறித்த அச்சத்தால் பெரும் அளவில் பால் பவுடர் டின்கள் திரும்பப் பெறப்பட்டன. செல்வம் மிக்க நாடும், நவீன ஆலையும் இதற்கு விலக்கல்ல என்பதே இங்கே அறிய வேண்டியது.

கிருமி ஆலையிலிருந்து மட்டும் வருவதில்லை. கழுவாத கை, ஈரமான அளவுக் கரண்டி, சமையல் மேடை, புட்டியின் ரப்பர் காம்பு ஆகிய யாவும் வாயில்களே. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள், குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்தவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. மற்றக் குழந்தைகளுக்கு இதைவிட மிகுதியாக நேர்வது வயிற்றுப்போக்கு. அதுவும் எளிதாக எண்ணத்தக்கதன்று.

வெப்பமும் நேரமும்

பவுடரில் கிருமிகள் உறங்குகின்றன. நீர் சேர்ந்ததும் விழிக்கின்றன. சாதகமான சூழலில் சில கிருமிகள் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அக்கணக்கில் ஒரே ஒரு கிருமி ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். 2 மணி நேரத்தில் 64. 4 மணி நேரத்தில் 4,096. 6 மணி நேரத்தில் 2,62,144. மாலை 8 மணிக்குக் கலந்த பாலை அதிகாலை 2 மணிக்குப் புகட்டும்போது நாம் புகட்டுவது எதை என்று எண்ணிப் பாருங்கள். பால் திரியாதிருக்கலாம், புளித்த வாடையும் வராதிருக்கலாம். பார்த்தும் முகர்ந்தும் இதைக் கண்டறிய முடியாது.

இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் இரு எல்லைகளை வகுத்துள்ளது. பவுடரைக் கலக்கும் நீரின் வெப்பம் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது. அந்த வெப்பம் பவுடரில் உள்ள கிருமிகளை அழிக்கும். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். கோடையில் நம் கடலோர வீடுகளின் உள்ளே வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அங்கே இரண்டு மணி நேரம் என்பதையும் நீட்டிக்கக் கூடாத எல்லையாகவே கொள்ளுங்கள். குழந்தை வாய் வைத்த பாலில் எச்சில் கலந்துவிடுவதால், ஊட்டி முடிந்ததும் மீதியைக் கொட்டிவிடுவதே நல்லது.

சில டின்களில் இதைவிடக் குறைந்த வெப்பத்தில் கலக்குமாறு அச்சிடப்பட்டிருக்கும். பவுடரில் சேர்க்கப்பட்டுள்ள நன்மை தரும் நுண்ணுயிரிகள் வெந்நீரில் அழிந்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் எந்த முறையைப் பின்பற்றுவது என்பதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் டின்னைக் காட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர்த் தண்ணீர்

கடலை ஒட்டிய பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் சுண்டச் சுண்ட உப்பின் செறிவு கூடவே செய்யும். குழந்தையின் சிறுநீரகம் மிகுதியான உப்பை வெளியேற்ற வல்லதன்று. ஆகவே உப்புக் கரிக்கும் நீரில் குழந்தையின் பாலைக் கலக்கக் கூடாது. குடிநீராக வழங்கப்படும் நல்ல நீரையே கொள்ளுங்கள்.

கேன் தண்ணீரும், கடையில் விற்கும் புட்டித் தண்ணீரும் கிருமியற்றவை அல்ல. அவற்றையும் தளதளவெனக் கொதிக்க வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஒரு வேளைப் பாலைக் கலக்கும் முறை

1. சமையல் மேடையைத் துடைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, சுத்தமான துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

2. புட்டி, ரப்பர் காம்பு, மூடி வளையம் ஆகியவற்றைத் தனித்தனியே கழற்றி, தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பின்னர் முழுவதும் நீரில் மூழ்கும்படி, உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் வைத்து, நீர் கொதிக்கத் தொடங்கியபின் குறைந்தது 5 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

3. புதிதாக ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, மூடி, 30 நிமிடத்துக்கு மேற்படாமல் ஆற விடுங்கள். அப்போது நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும். சிறிதளவு நீர் விரைவில் ஆறிவிடும் என்பதாலேயே ஒரு லிட்டர் என்கிறோம்.

4. முதலில் நீரை அளந்து ஊற்றுங்கள். அதன் பின்னரே பவுடரைச் சேருங்கள். டின்னுடன் வந்த அளவுக் கரண்டியையே பயன்படுத்துங்கள். பவுடரை அழுத்தி நிரப்பாமல், மேற்பரப்பைச் சமன் செய்து தட்டையாக எடுங்கள். 30 மில்லி நீருக்கு ஒரு கரண்டி என்று டின் கூறினால், 90 மில்லிக்கு மூன்று கரண்டி.

5. புட்டியை மூடி மெதுவாகச் சுழற்றிக் கலக்குங்கள். உடனே குளிர்ந்த நீர் உள்ள பாத்திரத்தில் நிறுத்தி ஆற விடுங்கள். பாத்திரத்து நீர் புட்டியின் மூடிக்குக் கீழே இருக்கட்டும்.

6. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் புகட்டலாம். சுட்டால் இன்னும் ஆற வேண்டும்.

பவுடர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று நீரைக் கூட்டிக் கலக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. டின்னின் விலையை அறிந்தவர்கள் எவரும் இதைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் நீர்த்த பாலால் குழந்தையின் எடை ஏறாது. இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பும் வரலாம். கெட்டியாகக் கலந்தாலும் தீங்குதான்: மலச்சிக்கலும் நீரிழப்பும் ஏற்படும். கஞ்சித் தண்ணீர், சர்க்கரை, தேன் எதையும் பாலில் சேர்க்காதீர்கள். டின் வாங்க இயலாத நிலையில் அதை மறைக்காமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். தாய்ப்பாலை மீண்டும் பெருக்குவது உட்பட வேறு வழிகளைச் சேர்ந்து தேடலாம்.

முன்கூட்டியே ஆயத்தம்: மூன்று வழிகள்

*முதல் வழி: வெந்நீர் தனி, பவுடர் தனி.* நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது இதுவே. உறங்கச் செல்லுமுன் நல்ல ஃபிளாஸ்க்கில் சிறிது கொதிநீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, மீண்டும் கழுத்துவரை கொதிநீரால் நிரப்பி மூடுங்கள். பாதி நிரப்பிய ஃபிளாஸ்க்கில் வெப்பம் விரைவில் குறையும். ஒவ்வொரு வேளைக்கும் உரிய பவுடரை, கிருமி நீக்கி ஈரமின்றி உலர்த்திய சிறு டப்பாக்களில் அளந்து மூடி வையுங்கள். குழந்தை விழித்ததும் கலந்து ஆற்றினால் போதும். கடற்காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே அளந்து வைத்த பவுடரை அன்றிரவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் ஃபிளாஸ்க் எத்தனை மணி நேரம் 70 டிகிரிக்கு மேல் வெப்பத்தைக் காக்கிறது என்பதைச் சமையல் வெப்பமானியால் ஒருமுறை சோதித்து அறிந்துகொள்ளுங்கள். ஐயம் இருந்தால், அந்த நீரை மீண்டும் கொதிக்க வைப்பதே பாதுகாப்பு.

*இரண்டாம் வழி: கலந்து, குளிர்வித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல்.* இதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால் நான்கு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும். இரண்டு, பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கலக்காமல், வேளைக்கு ஒன்றாகத் தனித்தனிப் புட்டியில் கலக்க வேண்டும். பெரிய பாத்திரத்துப் பால் மெதுவாகவே குளிரும். மூன்று, குளிர்ந்த நீரில் நிறுத்தி விரைவாக ஆற்றியதும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். நான்கு, பெட்டியின் வெப்பம் 5 டிகிரிக்கு மேற்படக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

புட்டியின் மேல் கலந்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். கதவில் உள்ள தட்டில் வைக்காதீர்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே வெப்பம் ஏறும். உள்தட்டில் பின்புறமாக வையுங்கள்; சமைக்காத மீன், இறைச்சி அருகே வேண்டாம். புகட்டும் வேளையில் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடாக்குங்கள். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பில் பால் ஒரே சீராகச் சூடாவதில்லை. சில இடங்களில் கொதிநிலையை எட்டிக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும். ஒருமுறை சூடாக்கிய பாலை மீண்டும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

*மூன்றாம் வழி: பயணத்தில்.* மயிலாடுதுறைக்கோ நாகப்பட்டினத்துக்கோ பேருந்தில் செல்லும்போது, ஃபிளாஸ்க்கில் வெந்நீரும், டப்பாவில் பவுடரும், சுத்தமான புட்டியும் எடுத்துச் செல்லுங்கள். கலந்த பாலைத்தான் கொண்டுசெல்ல வேண்டுமெனில், முன்பே நன்றாகக் குளிர்ந்த பாலைப் பனிக்கட்டிப் பொதியுடன் பையில் வைத்து எடுத்துச் சென்று, இரண்டு மணி நேரத்துக்குள் புகட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான பாலைத் துணியில் சுற்றியோ ஃபிளாஸ்க்கில் ஊற்றியோ கொண்டுசெல்வது மிகவும் தவறு. கிருமிகள் பெருகுவதற்கு அதைவிட ஏற்ற இடம் வேறில்லை.

மின்தடையும் புயலும்

இரண்டாம் வழி மின்சாரத்தை நம்பியது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின், காவிரிப் படுகையின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. மூடியே வைத்திருந்தாலும் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரமே குளிர்ச்சியைக் காக்கும். இரவில் மின்சாரம் எப்போது போயிற்று, எப்போது வந்தது என்று தெரியாவிடில், கலந்து வைத்த பாலைக் கொட்டிவிடுங்கள். ஒரு புட்டிப் பாலின் இழப்பு சிறிது. மருத்துவமனைப் படுக்கையின் செலவும் துயரும் பெரிது. மழைக்காலத்தில் முதல் வழியையே கைக்கொள்வது நன்று.

பேரிடர்க் காலத்தில் நன்மை கருதி வழங்கப்படும் பால் டின்களிலும் எச்சரிக்கை தேவை. 2006ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பகுதியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது பால் பவுடர் பெருமளவில் நன்கொடையாக வழங்கப்பட்டது. அதைப் பெற்ற குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு, பெறாதவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. நல்ல நீரும் எரிபொருளும் இல்லாத இடத்தில் டின் உதவியாகாது. பாலூட்டும் தாய் அந்நேரத்திலும் பாலூட்டலைத் தொடர வேண்டும். அதிர்ச்சியால் பால் வற்றிவிடும் என்ற அச்சம் வேண்டாம். குழந்தை சப்பச் சப்பப் பால் ஊறும்.

நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும், பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இலவச மாதிரிகள் வழங்குவதையும் தடை செய்கின்றன. தேவையில்லாத ஒரு குடும்பம்கூடப் புட்டிக்குப் பழகிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

புட்டியைவிடச் சங்கு மேல்

நம் பாட்டிமார் பயன்படுத்திய சங்கு அல்லது பாலாடையை இன்றும் குழந்தை மருத்துவர்கள் விரும்பிப் பரிந்துரைக்கிறோம். அகன்ற வாயும் வழவழப்பான உட்புறமும் கொண்டது. மறைவான இடுக்கு இல்லை. எளிதில் கழுவலாம், கொதிநீரில் இடலாம். புட்டியின் ரப்பர் காம்பிலும் திருகு வளையத்திலும் பாலின் கொழுப்பு ஒட்டிக்கொண்டு கிருமிக்கு உறைவிடமாகும். காம்பின் துளைக்குப் பழகிய குழந்தை தாயின் மார்பை மறுக்கவும் கூடும். சங்கில் புகட்டும்போது குழந்தையைத் தலை உயர்த்தி மடியில் சாய்த்து, உதட்டோரம் சங்கை வைத்து, சிறிது சிறிதாக விடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்த மடக்கு. மூக்கை அடைத்தோ, அழும் வாயில் ஊற்றியோ புகட்டக் கூடாது; பால் மூச்சுக்குழாயில் புகுந்துவிடும்.

எப்போது உடனே வர வேண்டும்?

குழந்தை பால் குடிக்க மறுத்தால், வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடந்தால், உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, வலிப்பு வந்தால், உச்சிக்குழி புடைத்தாலோ குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கலந்தால், பச்சை நிறமாக வாந்தி எடுத்தால், சிறுநீர் கழிப்பது வெகுவாகக் குறைந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இவற்றுள் ஒன்று இருந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்; 108 ஆம்புலன்சை அழையுங்கள். வரும்போது பால் டின்னையும் எடுத்து வாருங்கள். எப்போது, எவ்வாறு கலந்தீர்கள் என்று அஞ்சாமல் சொல்லுங்கள். அது சிகிச்சைக்கு உதவும்; எவரும் உங்களைக் குறை கூறுவதற்காகக் கேட்பதில்லை.

இப்பக்கத்தைப் படித்து முடித்தபின், வீட்டில் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கோ அத்தைக்கோ படித்துக் காட்டுங்கள். தாய்க்குத் தெரிந்தால் மட்டும் போதாது. புகட்டும் கைக்குத் தெரிய வேண்டும். சமையலறைச் சுவரில் மூன்று வரிகளை எழுதி ஒட்டிவிடுங்கள்: வெந்நீர் தனி, பவுடர் தனி. கலந்த பால் இரண்டு மணி நேரம் மட்டும். ஐயம் வந்தால் கொட்டிவிடு.